சுகாதார உரிமைச் சட்டமும் மருத்துவர் சங்கமும்: ராஜஸ்தான் தரும் படிப்பினை

2023 மார்ச் 21 அன்று ராஜஸ்தான் சட்டமன்றம் சுகாதார உரிமை மசோதாவைக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. சரியாகப் பதினான்கு நாட்கள் கழித்து, ஏப்ரல் 4 அன்று, அதே மாநில அரசு இந்திய மருத்துவர் சங்கத்தின் (ஐஎம்ஏ) ராஜஸ்தான் கிளையுடனும் தனியார் மருத்துவமனை உரிமையாளர்களின் அமைப்புகளுடனும் எட்டு அம்ச உடன்பாட்டில் கையெழுத்திட்டது. சுகாதார உரிமையைச் சட்டமாக்கிய முதல் மாநிலம் ராஜஸ்தான்தான் என்று முதலமைச்சர் அசோக் கெலாட் அன்று பெருமிதத்துடன் அறிவித்தார். (அசாமின் 2010ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் அவசர சிகிச்சை பற்றி முன்பே பேசியிருக்கிறது; ஏட்டளவில் நின்றுபோனதால் அதை எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை.) ஆனால் பெருமிதத்துடன் அறிவிக்கப்பட்ட அந்த உரிமை, தனியார் மருத்துவமனைகளின் வாசலைப் பொறுத்தவரை, அந்த நாளிலேயே பெருமளவு காலாவதியாகிவிட்டது.

மக்கள் பிரதிநிதிகள் இயற்றிய சட்டத்தின் எல்லையை ஒரு தொழில்முறைச் சங்கம் பேச்சுவார்த்தை மேசையில் திருத்தி வரைந்தது எப்படி என்ற கேள்வி ராஜஸ்தானோடு முடிந்துவிடவில்லை. கர்நாடகம் இதைக் கண்டிருக்கிறது. கேரளம் இதை எதிர்கொண்டு நின்றிருக்கிறது. மருத்துவத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் எந்த மாநிலத்தில் வந்தாலும் இதே காட்சி அரங்கேறும். ஆகவே நடந்ததை நிதானமாகப் பார்ப்பது அவசியம்.

முதலில், சட்டம் கேட்டது என்ன? மாநிலத்தில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் அரசு மருத்துவமனைகளில் புறநோயாளி, உள்நோயாளி சிகிச்சை, மருந்து, பரிசோதனை, அவசர ஊர்தி ஆகியவை இலவசம் என்பது அதன் பெரும்பகுதி. இதில் புதுமை குறைவு. ராஜஸ்தானில் 2011 அக்டோபர் 2 முதல் இலவச மருந்துத் திட்டமும், 2013 முதல் இலவசப் பரிசோதனைத் திட்டமும் நடைமுறையில் உள்ளன. மருந்துக் கொள்முதலுக்கு ராஜஸ்தான் முன்மாதிரியாகக் கொண்டது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைத்தான். இருந்துவரும் திட்டம் உரிமையாக மாறினால், அடுத்த ஆட்சி வந்து அதை ஓசையின்றிக் கைவிட இயலாது. அந்த அளவில் அது முக்கியமான முன்னேற்றம்.

சர்ச்சை எழுந்தது வேறோர் இடத்தில். விபத்து, பாம்புக்கடி, விலங்குக்கடி, பிரசவச் சிக்கல் போன்ற அவசர நிலைகளில் முன்பணம் கேட்காமல் சிகிச்சை தர வேண்டும் என்ற கடமை தனியார் மருத்துவ நிறுவனங்கள் மீதும் விதிக்கப்பட்டது. காவல்துறையின் அனுமதிக்காகக் காத்திருப்பதாகச் சொல்லிச் சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது. நோயாளியை நிலைப்படுத்த வேண்டும். தேவையெனில் வேறு மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும். நோயாளி பிறகு கட்டணம் செலுத்தாவிட்டால் அரசு அதை ஈடு செய்யும். மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 25,000 ரூபாய் வரை அபராதம். சிறைத் தண்டனை கிடையாது. பெருநகர மருத்துவமனை ஒன்றின் ஒரு நாள் தீவிர சிகிச்சைக் கட்டணத்தையே எட்டாத அபராதம் இது.

இந்தக் கடமையும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. உயிருக்குப் போராடுபவருக்குச் சிகிச்சை அளிப்பது அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் இருவருக்கும் உள்ள கடமை என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 1996இல் பஷ்சிம் பங்க கேத் மஜ்தூர் சமிதி வழக்கில் இன்னொரு படி முன்னேறி, அரசு மருத்துவமனை அவசர சிகிச்சையை மறுப்பது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவை மீறுவதாகும் என்று தீர்ப்பளித்தது. விவசாயத் தொழிலாளர் சங்கம் ஒன்றின் உறுப்பினர் 1992 ஜூலையில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் காயமடைந்தார். கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அவரைத் திருப்பியனுப்பின. இறுதியில் தனியார் மருத்துவமனையில் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்போது அந்த மாநிலத்தில் ஆட்சியில் இருந்தது இடது முன்னணி. இதை மூடிமறைப்பதில் பயனில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கமே அரசுக்கு எதிராக வழக்காடி நாட்டின் உழைப்பாளிகள் அனைவருக்குமான உரிமையை வென்றது என்பதே அந்த வழக்கின் பெருமை.

ஆக, சட்டமன்றம் செய்தது, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்ப்புகளில் கிடந்த ஒரு கடமைக்கு நடைமுறை வடிவம் கொடுத்தது மட்டுமே. அதற்கு ஏன் இத்தனை எதிர்ப்பு?

மசோதா 2022 செப்டம்பரில் அறிமுகமானபோது அதில் குறைகள் இருந்தன என்பது உண்மை. அவசர நிலை என்றால் என்ன என்ற வரையறை தளர்வாக இருந்தது. தனியார் மருத்துவமனைக்குச் செலவை யார் ஈடு செய்வார் என்பது சொல்லப்படவில்லை. கண் மருத்துவரிடம் மாரடைப்பு நோயாளி வந்தால் என்ன செய்வது என்று மருத்துவர்கள் கேட்டனர். மசோதா தேர்வுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. குழு சங்கத்தின் கருத்துகளைக் கேட்டது. ஈட்டுத்தொகைப் பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் தகுதிக்கும் மட்டத்துக்கும் ஏற்ற சிகிச்சையைத்தான் தர வேண்டும் என்று எழுதப்பட்டது. சிகிச்சை முறை பற்றிய விஷயங்களை மருத்துவ வல்லுநர்களைக் கொண்ட தனி ஆணையம் பார்க்கும் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. அதாவது, மருத்துவர்களின் நியாயமான ஆட்சேபங்களில் பெரும்பாலானவை சட்டமன்ற நடைமுறைக்குள்ளேயே தீர்க்கப்பட்டன.

அதன் பிறகுதான் மசோதாவை முற்றாகத் திரும்பப் பெற வேண்டும் என்ற கோரிக்கை உரத்தது. திருத்தம் வேண்டாம், சட்டமே வேண்டாம் என்பது சங்கத்தின் நிலைப்பாடாயிற்று. மாநிலமெங்கும் தனியார் மருத்துவமனைகள் மூடப்பட்டன. ஜெய்ப்பூர் வீதிகளில் மருத்துவர்கள் திரண்டனர்; காவல்துறை தடியடி நடத்தியது, தண்ணீரைப் பீய்ச்சியடித்தது. போராடுபவர் யாராயினும் தடியடி கண்டனத்திற்குரியதே. சவாய் மான்சிங் மருத்துவமனையின் உறைவிட மருத்துவர்கள் ஆதரவாகப் பணியைப் புறக்கணித்தனர். மார்ச் 29 அன்று அரசு மருத்துவர்களும் ஒரு நாள் விடுப்பெடுத்து இணைந்தனர். இரண்டு வாரங்களுக்கும் மேலாக ஏழை நோயாளிகள் அலைந்தனர். சட்டமன்றத் தேர்தல் அதே ஆண்டின் இறுதியில் வரவிருந்தது. அரசு இறங்கி வந்தது.

ஏப்ரல் 4 உடன்பாட்டை அம்சம் அம்சமாகப் படிப்பவருக்கு யார் வென்றார்கள் என்பது விளங்கும். ஐம்பது படுக்கைகளுக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகளுக்குச் சட்டத்திலிருந்து விலக்கு. இது சிறு மருத்துவமனை நடத்தும் மருத்துவர்களுக்கான ஆறுதல் என்று சொல்லலாம்; பத்துப் படுக்கை வைத்திருக்கும் மருத்துவத் தம்பதியர் அனைத்து அவசர நிலைகளையும் கையாள இயலாது என்ற வாதத்தில் ஓரளவு பொருளும் உண்டு. ஆனால் அடுத்த அம்சம்? அரசிடமிருந்து நிலமோ கட்டடமோ சலுகையாகப் பெறாமல் நிறுவப்பட்ட தனியார் மருத்துவமனைகள் அனைத்தும் சட்டத்திற்கு வெளியே. இங்கே படுக்கை எண்ணிக்கை பற்றிய பேச்சே இல்லை. சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி ஐந்நூறு படுக்கைகளுடன் எழுந்த கார்ப்பரேட் மருத்துவமனையும் விலக்குப் பெறும். வீதியில் நின்று தண்ணீர்ப் பீய்ச்சலை வாங்கியவர்களில் பலர் சிறு மருத்துவமனைக்காரர்கள், உறைவிட மருத்துவர்கள். முழு விலக்கைப் பெற்றவர்களில் பெருமுதலாளிகளும் இருந்தனர்.

சட்டத்தின் வரம்புக்குள் எஞ்சியவை தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், அரசு-தனியார் கூட்டில் இயங்குபவை, இலவசமாகவோ சலுகை விலையிலோ அரசு நிலம் பெற்றவை, அரசு உதவியுடன் அறக்கட்டளைகள் நடத்துபவை மட்டுமே. நிலச் சலுகை பெற்றவை ஏற்கெனவே தங்கள் ஒப்பந்தப்படி ஏழைகளுக்குச் சிகிச்சையளிக்கக் கடமைப்பட்டவை. அவர்களிடம் அந்த ஒப்பந்தத்தை ஒழுங்காக நிறைவேற்றச் சொல்வதற்குப் புதிய சட்டம் தேவையே இல்லை.

மீதி அம்சங்களில் சுகாதார உரிமைக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்பதுபோல் வேறு வேலைகள் நடந்தேறின. குடியிருப்புப் பகுதிகளில் கட்டப்பட்ட மருத்துவமனைகளைக் கட்டட விதிகளைத் தளர்த்தி முறைப்படுத்துவது, உரிமங்களுக்கு ஒற்றைச் சாளர முறை, தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும் என்ற ஏற்பாடு ஆகியவை அதில் உண்டு. நோயாளியின் உரிமைக்கு எதிராகத் தொடங்கிய போராட்டம் கட்டட உரிமையாளர்களின் கோரிக்கைப் பட்டியலோடு முடிந்தது. இனி விதிகளில் எந்த மாற்றமும் ஐஎம்ஏவின் இரண்டு பிரதிநிதிகளைக் கலந்தாலோசித்த பிறகே செய்யப்படும் என்பதும் எழுதப்பட்டது. நோயாளிகளின் சார்பில் ஒரு பிரதிநிதியையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அங்கே எழுதப்படவில்லை. இச்சட்டத்திற்காக நெடுங்காலம் பாடுபட்ட ஜன் சுவஸ்த்ய அபியானைப் போன்ற மக்கள் நலவாழ்வு இயக்கங்கள் அந்த மேசையில் இல்லை, தொழிற்சங்கங்கள் இல்லை, செவிலியர்களும் இல்லை.

சங்கம் யாருக்காகப் பேசுகிறது?

உடன்பாட்டில் மருத்துவர் சங்கத்தோடு கையெழுத்திட்ட அமைப்புகளின் பெயர்களே ஒரு செய்தியைச் சொல்கின்றன: தனியார் மருத்துவமனைகள் மற்றும் நர்சிங் ஹோம்களின் சங்கம், தனியார் கிளினிக்குகள் மற்றும் மருத்துவமனைகளின் ஐக்கிய சங்கம். மருத்துவர் என்ற தொழில்முறை அடையாளமும் மருத்துவமனை உரிமையாளர் என்ற வர்க்க நலனும் ஒரே தாளில் கலந்துவிட்டன.

ஐஎம்ஏ 1928இல் கொல்கத்தாவில் தோன்றியது. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் ஆதிக்கத்துக்கு மாற்றாக, தேசிய இயக்கத்தின் சூழலில் உருவான அமைப்பு அது. அப்போதைய உறுப்பினர் பெரும்பாலும் தனிப்பட்ட முறையில் தொழில் நடத்தியவர். அவரது மூலதனம் அவரது படிப்பும் கைப்பையும்தான். இன்று அதே சங்கத்தின் குடையின் கீழ் குறைந்தது மூன்று விதமானவர்கள் நிற்கிறார்கள். பல கோடி முதலீட்டில் மருத்துவமனை நடத்தும் உரிமையாளர். வங்கிக் கடனில் நர்சிங் ஹோம் கட்டி, அருகில் எழும் பெரிய மருத்துவமனையைப் பார்த்து அஞ்சும் சிறு உடைமையாளர். கார்ப்பரேட் மருத்துவமனையிலோ அரசு மருத்துவமனையிலோ சம்பளத்துக்கு உழைக்கும் மருத்துவர். மூன்றாமவர் உரிமையாளர் அல்ல. எத்தனை பரிசோதனைகள், எத்தனை அறுவைச் சிகிச்சைகள் என்று நிர்வாகத்தின் இலக்குகளுக்கு ஓடும் உழைப்பாளி. எனினும் சட்டம் ஒன்று வரும்போது மூவரும் ஒரே முழக்கத்தை எழுப்புகிறார்கள், முதலாமவரின் முழக்கத்தை.

பின்னணியில் நடப்பதையும் மறக்கலாகாது. ஜெய்ப்பூர் உடன்பாடு கையெழுத்தான அதே 2023 ஏப்ரலில், சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக், மணிப்பால் மருத்துவமனைக் குழுமத்தில் தன் பங்கை 59 சதவீதமாக உயர்த்தும் ஒப்பந்தத்தை அறிவித்தது. இந்திய மருத்துவமனைகள் சர்வதேச நிதி மூலதனத்தின் விருப்பமான முதலீட்டுக் களமாகிவிட்டன. அத்தகைய மூலதனத்துக்குக் கட்டண ஒழுங்குமுறை ஆகாது. நோயாளியின் சட்டபூர்வ உரிமையும் ஆகாது. அதற்கு நேரடியாக வீதிக்கு வர வேண்டிய அவசியமுமில்லை. வெள்ளை அங்கி அணிந்தவர்கள் வருகிறார்கள்.

அப்படியானால் சாதாரண மருத்துவர் ஏமாந்துபோனவர் என்று முடித்துவிடலாமா? அவ்வாறு முடிப்பது இடதுசாரிகளுக்கு எளிது, பயனற்றதும்கூட. ராஜஸ்தானின் இளம் மருத்துவர்கள் அந்தச் சட்டத்தைக் கண்டு அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. 2022 மார்ச்சில் தௌசா மாவட்டம் லால்சோட்டில், பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கில் ஒரு தாய் இறந்தார். மருத்துவமனை வாசலில் கூட்டம் கூடியது. அந்த நெருக்குதலில் சிகிச்சை அளித்த பெண் மருத்துவர்மீது காவல்துறை கொலைவழக்குப் பதிவு செய்தது. மறுநாள் அவர் தற்கொலை செய்துகொண்டார். சிகிச்சைக் கவனக்குறைவு குறித்த புகாரில் சுதந்திரமான மருத்துவக் கருத்தைப் பெறாமல் மருத்துவர்மீது குற்ற நடவடிக்கையில் இறங்கக் கூடாது என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறியை அந்தக் காவல் நிலையம் பொருட்படுத்தவில்லை. பேரிரத்தப்போக்கு மிகச் சிறந்த மருத்துவமனையிலும் உயிரைப் பறிக்கக்கூடியது என்பது மகப்பேறு மருத்துவர் ஒவ்வொருவரும் அறிந்தது. அதே ஆண்டு ஒரு மசோதா வந்து, புகார் விசாரணை அமைப்பில் மருத்துவர் அல்லாதவர்களும் இருப்பார்கள் என்றபோது, அந்த மரணத்தின் நினைவோடுதான் மருத்துவர்கள் அதைப் படித்தார்கள். அவர்களின் அச்சத்தைச் சங்கத் தலைமை உருவாக்கவில்லை, பயன்படுத்திக்கொண்டது.

2024 ஆகஸ்டில் ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் பெண் மருத்துவர் கொல்லப்பட்டபோது நாடு முழுவதும் உறைவிட மருத்துவர்கள் எழுந்ததும், இடதுசாரி மாணவர், வாலிபர், மாதர் இயக்கங்கள் அவர்களுடன் வீதியில் நின்றதும் நினைவிருக்கும். முப்பத்தாறு மணி நேரத் தொடர் பணி, ஓய்வறைகூட இல்லாத நிலை, பாதுகாப்பின்மை ஆகியவை அப்போது பேசப்பட்டன. சுகாதாரப் பணியாளர்மீதான வன்முறையைத் தடுக்க 2019இல் ஒன்றிய அரசு தயாரித்த வரைவு மசோதா நாடாளுமன்றத்துக்கே வரவில்லை. இதில் ஐஎம்ஏ எழுப்பும் கோரிக்கை நியாயமானது. தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தை 2019இல் சங்கம் எதிர்த்தபோதும் பல அம்சங்களில் இடதுசாரிகளின் விமர்சனமும் அதுவாகவே இருந்தது: மாநிலங்களின் பங்கு சுருக்கப்பட்டது; தனியார் கல்லூரிகளில் பாதி இடங்களின் கட்டணத்துக்கு மட்டுமே வழிகாட்டுதல் என்று வரம்பிடப்பட்டது. சங்கம் சொல்வதெல்லாம் தவறு என்பதல்ல. அரசின் அத்துமீறலை எதிர்க்கும்போது சங்கம் மருத்துவர்களின் குரலாக இருக்கிறது. நோயாளியின் உரிமையோ வணிகத்தின் வரம்போ பேசப்படும் தருணத்தில் அது உரிமையாளர்களின் குரலாக மாறிவிடுகிறது.

அந்த மாற்றத்திற்குச் சான்றுகள் குறைவில்லை. 2017இல் கர்நாடகத்தில் தனியார் மருத்துவ நிறுவனங்கள் திருத்த மசோதா கட்டணங்களை ஒழுங்குபடுத்த முனைந்தது. பெலகாவியில் சட்டமன்றக் கூட்டத்தொடர் நடக்கவிருந்த நவம்பரில் தனியார் மருத்துவர்கள் பல நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கட்டண நிர்ணயம் அரசுத் திட்டங்களின் கீழ் வரும் சிகிச்சைகளுக்கு மட்டும் என்று சுருங்கியது. கட்டண மீறலுக்கான சிறைத் தண்டனை நீங்கியது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், மருந்துகளை வணிகப் பெயரில் அல்லாமல் பொதுப்பெயரில் எழுத வேண்டும், மருந்துக் கம்பெனிகளின் அன்பளிப்புகளை ஏற்கக் கூடாது என்ற விதிகளை வெளியிட்டது. மூன்றே வாரங்களில் அவை நிறுத்திவைக்கப்பட்டன. பொதுப்பெயர் மருந்துகளின் தரத்துக்கு உத்தரவாதம் எங்கே என்று ஐஎம்ஏ கேட்டது. தரக்கட்டுப்பாட்டைப் பலப்படுத்துக என்பது அந்தக் கேள்வியின் இயல்பான முடிவு. ஆனால் அன்பளிப்பைத் தடுக்கும் பிரிவும் சேர்ந்தே நின்றுபோனது.

கேரளத்தில் நடந்தது வேறு. இடது ஜனநாயக முன்னணி அரசு 2018இல் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. கட்டணங்களைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும், அவசர நோயாளியைத் திருப்பியனுப்பக் கூடாது என்பவை அதில் உண்டு. தனியார் மருத்துவமனைகளின் சங்கமும் ஐஎம்ஏவும் உயர் நீதிமன்றம் சென்றன. 2025இல் நீதிமன்றம் சட்டத்தின் செல்லுபடியை உறுதிசெய்தது. அங்கே அரசு உறுதியாக நிற்க முடிந்ததற்கு ஒரு காரணம், பக்கத்திலேயே மக்கள் நம்பிச் செல்லும் பொது மருத்துவமனை இருந்தது. தனியார் கதவடைத்தால் மாநிலமே ஸ்தம்பிக்கும் என்ற மிரட்டல் அங்கே அவ்வளவாகச் செல்லாது.

பணம் யார் தருவது?

ராஜஸ்தான் அரசின் பலவீனம் இதில்தான் இருந்தது. செலவை ஈடு செய்வோம் என்று சட்டத்தில் எழுதியது. என்ன விகிதத்தில், எத்தனை நாட்களுக்குள், எந்த நிதியிலிருந்து என்பதைப் பின்னர் வரவிருக்கும் விதிகளுக்கு ஒத்திவைத்தது. அரசுக் காப்பீட்டுத் திட்டங்களில் பணம் காலதாமதமாக வருவதைக் கண்டு சலித்த சிறு மருத்துவமனை நடத்துபவர் இந்த வாக்குறுதியை நம்ப மறுத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. அதே அரசு சிரஞ்சீவிக் காப்பீட்டின் வரம்பை 2023 பட்ஜெட்டில் ஒரு குடும்பத்துக்கு 10 லட்சத்திலிருந்து 25 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. தனியாரிடம் சிகிச்சை வாங்குவதற்குப் பொதுப் பணத்தைப் பெருக்கும் அதே கை, தனியாரின் வாசலில் கடமையை விதிக்கவும் முயன்றது. சிகிச்சையில் தனியாரைச் சார்ந்திருக்கும் அரசு அவர்களிடம் எவ்வளவு தூரம் கறாராக இருக்க முடியும்?

நாடு தழுவிய கணக்குகள் இந்தச் சார்பின் ஆழத்தைக் காட்டுகின்றன. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, பிரசவம் நீங்கலாக, ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் ஆகும் சராசரிச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய். தனியாரில் 31,845 ரூபாய். அப்படியிருந்தும் உள்நோயாளிகளில் சுமார் 55 சதவீதத்தினர் தனியாரிடம்தான் சென்றனர். 2021-22இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து நேரடியாகச் செலவிட்டது 39.4 சதவீதம். அரசுகள் அனைத்தும் சேர்ந்து செலவிட்டது உள்நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம். 2025க்குள் 2.5 சதவீதத்தை எட்டுவோம் என்று 2017இல் தேசிய நலவாழ்வுக் கொள்கையில் எழுதியது ஒன்றிய அரசுதான். மாநிலங்களின் வரிவருவாயைத் தன்வயப்படுத்திக்கொண்டு, மருத்துவம் மாநிலப் பட்டியல் என்று கைகழுவும் அரசியலையும் இந்தச் சித்திரத்தில் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பணத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்தால் எதிர்ப்பு தணியும் என்பதற்குத் தமிழ்நாடு ஓர் உதாரணம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும், ஒரு லட்சம் ரூபாய் வரை அரசுச் செலவில் என்று அறிவிக்கப்பட்டது, யாரும் கதவடைக்கவில்லை. நீதிமன்றத்தின் நெருக்குதலுக்குப் பிறகு 2025 மே மாதத்தில் ஒன்றிய அரசும் விபத்தில் காயமுற்றவருக்கு ஏழு நாட்கள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவிக்கை செய்தது. இவை திட்டங்களே, உரிமைகள் அல்ல. விபத்துக்கு மட்டும்தான், பாம்புக்கடிக்கோ பிரசவச் சிக்கலுக்கோ இல்லை. அரசு பணத்தைக் காட்டினால் தனியார் மருத்துவமனை நோயாளியை உள்ளே விடும் என்பது மட்டும் இவற்றால் தெளிவாகிறது. பணத்துக்கு அப்பால் ஒரு கடமை உண்டா என்ற கேள்விதான் ஜெய்ப்பூரில் எழுந்தது.

மருத்துவர்களின் வேலைநிறுத்தத்தை எதிர்கொண்டு ஒரு மக்கள் சார்பு அரசு உறுதியுடன் நின்ற வரலாறும் உண்டு. கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் சோஷலிச சார்புள்ள சிசிஎஃப் அரசு, அனைவருக்குமான பொது மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை 1961இல் இயற்றியது. 1962 ஜூலை 1 அன்று அது நடைமுறைக்கு வந்த தினமே மாகாண மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அரசு பிரிட்டனிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் மருத்துவர்களை வரவழைத்தது. மக்களே கூட்டுறவு அடிப்படையில் சமூக மருத்துவமனைகளை ஆரம்பித்தனர். இருபத்து மூன்று நாட்களில் உடன்பாடு ஏற்பட்டது. அங்கேயும் அரசு விட்டுக்கொடுத்தது: மருத்துவர்கள் அரசு ஊழியர்களாக வேண்டியதில்லை, சிகிச்சைக்கு ஏற்பக் கட்டணம் பெறும் முறை தொடரும் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் எல்லாக் குடிமக்களுக்கும் பொதுக் காப்பீடு என்ற மையத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நான்கே ஆண்டுகளில் அது கனடா முழுவதற்குமான சட்டமாக விரிந்தது. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது என்பது அந்த அரசுக்குத் தெரிந்திருந்தது. மாற்று ஏற்பாடும், சட்டத்துக்காக உழைக்க முன்வந்த மக்களும் அதன் கையில் இருந்தனர். கெலாட் அரசின் கையில் இருந்தது தேர்தல் தேதி.

ராஜஸ்தானில் ஆளுநர் 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தார். சட்டத்தின் வாசகம் சட்டமன்றம் நிறைவேற்றியபடியே இருக்கிறது. உடன்பாட்டின் விலக்குகள் விதிகளின் வழியாக வர வேண்டியவை. டிசம்பரில் ஆட்சி மாறியது. காப்பீட்டுத் திட்டத்தின் பெயர் மாறியது. பாஜக ஆட்சியில் சட்டத்தை உயிர்ப்பிக்கும் அக்கறை காணப்படவில்லை. விதிகள் இல்லாத சட்டத்துக்குத் தண்டிக்கும் வலிமையும் இல்லை. மருத்துவமனைக்கு ஈட்டுத்தொகை வழங்கும் வழியும் இல்லை.

இடதுசாரி இயக்கத்துக்கு இங்கே இரண்டு வேலைகள் இருக்கின்றன, இரண்டும் கடினமானவை. ஒன்று, மருத்துவர்களுக்குள்ளேயே செய்ய வேண்டியது. உறைவிட மருத்துவர்கள், ஒப்பந்த மருத்துவர்கள், கார்ப்பரேட் மருத்துவமனைகளின் சம்பள மருத்துவர்கள் ஆகியோரைப் பணி நேரம், ஊதியம், பாதுகாப்பு ஆகிய அவர்களின் சொந்தக் கோரிக்கைகளின் அடிப்படையில் செவிலியர்களுடனும் ஆய்வகப் பணியாளர்களுடனும் சேர்த்து அமைப்பாக்குவது. தங்களுக்கென்று அமைப்பு இல்லாதவரை அவர்கள் உரிமையாளர்களின் ஊர்வலத்தில்தான் நடப்பார்கள். லால்சோட்டில் நடந்தது போன்ற சம்பவத்தில் மருத்துவருக்காக முதலில் குரல் கொடுப்பது தொழிற்சங்கமாக இருந்தால், அடுத்த மசோதாவின்போது அந்த மருத்துவர்கள் தொழிற்சங்கம் சொல்வதையும் கேட்பார்கள். தோழர்களில் சிலருக்கு இது வர்க்க சமரசமாகத் தோன்றலாம். சம்பள மருத்துவரை உரிமையாளரிடமிருந்து பிரிக்காமல் விடுவதுதான் சமரசம்.

மற்றொன்று, சட்டம் எழுதப்படும் இடத்தில் செய்ய வேண்டியது. எந்த மாநிலத்தில் சுகாதார உரிமை மசோதா பேசப்பட்டாலும், தனியாருக்கான கடமை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் பொது மருத்துவமனைக்கான நிதி எவ்வளவு, காலிப் பணியிடங்கள் எப்போது நிரப்பப்படும், ஈட்டுத்தொகை எத்தனை நாட்களில் தரப்படும் என்பவற்றைச் சட்டத்தின் உடலிலேயே எழுத வைக்க வேண்டும். விதிகளுக்கு விட்டால் அவை மூடிய அறைக்குள் போய்விடும். விதிகளை வகுக்கும் குழுவில் மருத்துவர் சங்கத்துக்கு இடம் இருக்கட்டும். மருத்துவ அறிவின்றிச் சுகாதாரச் சட்டம் எழுத முடியாது. அதே மேசையில் கட்டுமானத் தொழிலாளர் சங்கத்துக்கும், விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும், ஆஷா பணியாளர்களுக்கும் இடம் கோருவதே ராஜஸ்தான் தோழர்களும் நலவாழ்வு இயக்கத்தினரும் இப்போது எடுக்க வேண்டிய கோரிக்கை. சட்டம் இன்னும் ரத்து செய்யப்படவில்லை. விதிகளின் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.